பின்படியின் பச்சைக் கதவு

எங்கள் பக்கத்தில் அடுத்த வருடம் ஆடி மாதமே பிறந்துவிடுகிறது. ஆடிப்பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் புதுக் காலண்டர்களின் ஆல்பத்தை விரித்துவிடும். சாமி, குழந்தை, அருவி, ரோஜா என்று இன்னும் வராத மாதங்களின் முகங்களெல்லாம் மேசைமேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இங்கேயே வளர்ந்ததாலோ என்னவோ, நடந்ததும் நடக்கப்போவதும் எனக்குள் அடிக்கடி கலந்துபோகின்றன. வெயிலில் நின்றுகொண்டு மார்கழிப் பனியை விலைபேசும் ஊரில் வேறெப்படி இருக்க முடியும்?

அப்படி ஓர் ஆடியில்தான் எங்கள் குடியிருப்பைப் படம் எடுத்தார்கள்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில், ஆமத்தூரைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் தனியாக நிற்கிற அடுக்குமாடி அது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மறந்து போனதுபோல இருக்கும். முன்னால் லிஃப்டும் அதை ஒட்டி ஒரு படிக்கட்டும். பின்னால், ஒவ்வொரு மாடியிலும் நடைவழி முடிகிற இடத்தில், பச்சை வண்ணம் அடித்த இரும்புக் கதவும் அதற்கப்பால் இன்னொரு படிக்கட்டும். அதைப் பின்படி என்போம். அந்தக் கதவுகள் எப்போதும் திறந்தே கிடக்கும். கரிசலின் காற்று பின்படி வழியாக ஏறி, நடைவழியில் நடந்து, எங்கள் வாசல் கோலங்களைக் கலைத்துவிட்டு முன்னால் இறங்கிப்போகும். கட்டடம் மூச்சு விடுவதாக எனக்குத் தோன்றும். உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாதவள் நான். எழுதுகிற நேரத்தைவிட அந்த நடைவழியில் காற்றோடு நடக்கிற நேரம் அதிகம்.

என் பக்கத்து வீட்டில் ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனிகளில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஓசூரில் வேலை பார்க்கிற மகள் கடன் போட்டு வாங்கிக்கொடுத்த வீடு அது. வீடு பார்க்க வந்த அன்று, மகள் பால்கனியைக் காட்டினாளாம், அடுப்படியைக் காட்டினாளாம், குழாயைத் திறந்து தண்ணீரைக் காட்டினாளாம். அக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்.

"பின்வாசல் எங்கன?"

வீட்டுக்குள் இருப்பது ஒரே வாசல். ஆனால் வெளியே வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பச்சைக் கதவு. அதைப் பார்த்தபிறகுதான் "அப்பச் சரி" என்றாராம்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்தக் கதவுக்குள் நுழைந்தாலும் முதலில் உள்ளங்கையை அங்கிருக்கும் இரும்பில் ஒரு கணம் வைப்பார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காகச் சுவரில் பதித்த தகட்டைத் தொட வேண்டும். வேலையை விட்ட பிறகும் கை அதை விடவில்லை. லிஃப்டையும் அப்படித்தான் தொடுவார்.

"கை தானாப் போயிருதுத்தா. இத சாமி கும்பிடுதேன்னு நெனச்சு எதிர்வீட்டுப் பிள்ள லிஃப்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடுது. ஒரு நா சூடம் கொளுத்தப் போகுது பாரு" என்று சிரிப்பார்.

குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் முதல் மாடி அண்ணாச்சி. சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். வீட்டு வாசலில் குப்பை கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார், ஒரு நோட்டீஸில் வண்ணம் விலகி விழுந்திருந்தால் பொறுக்கமாட்டார். அந்த ஆடியில், சங்கத்தின் பெயரில் ஒரு மாதக் காலண்டர் அடிக்கலாம் என்று அவரே யோசனை சொன்னார். ஒரு சாயங்காலம் போட்டோ எடுப்பவரைக் கூட்டிவந்தார். முன்பக்கம் டிரான்ஸ்பார்மர் மறைத்ததால் பின்பக்கக் காட்டிலிருந்து எடுத்தார்கள். வானம் பழுத்துக்கொண்டிருந்த நேரம். பின்படியின் விளக்குகள் மாடிக்கு மாடி எரிய, கீழே பச்சைக் கதவு விரியத் திறந்திருக்க, கட்டடம் எங்கோ கிளம்பத் தயாராக நிற்கிற ரயிலைப்போல இருந்தது. படத்தின் அடியில் அண்ணாச்சியே ஒரு வரி போட்டார்: 'எங்கள் இல்லங்களைக் கண்போல் காக்கும் பராமரிப்பு நிறுவனத்தாருக்கு நன்றியுடன்.' எங்கள் பக்கத்தில் யாரையாவது காலண்டரில் ஏற்றினால் நன்றி சொல்லித்தான் ஏற்றவேண்டும். அது மரியாதை.

தீபாவளி முடிந்து, சாலையோரத்துச் சிவப்புக் காகிதங்கள் வெளுக்கத் தொடங்கிய சமயத்தில், அந்த நிறுவனத்தார் மெயின்டனன்ஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். கொஞ்ச நஞ்சமல்ல, ஏறக்குறைய இரட்டிப்பு. எதற்கு என்று கேட்டால் 'கூடுதல் சேவைகள்' என்று ஒரு தாள். வண்டி நிறுத்தும் இடத்தில் கூட்டம் போட்டோம். நிறுவனத்தின் சார்பில் வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளம் மேனேஜர். யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத முகம்.

"நான் என்னங்க பண்றது? மேல இருக்கறவங்க சொல்றத நோட்டீஸ் போர்டுல ஒட்றதுதானுங்க என்ற வேலை."

அண்ணாச்சி அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒட்டுங்க தம்பி. ஆனா இத நல்ல மெசின்ல அடிச்சிட்டு வந்து ஒட்டுங்க. இம்புட்டு ரூவா கேக்குத கம்பெனி எழுத்து மங்கலா அடிக்கலாமா?"

சிரித்தோம். சிரித்து முடித்து, உயர்த்திய தொகையை யாரும் கட்டுவதில்லை, பழைய தொகையைத்தான் கட்டுவது என்று முடிவெடுத்தோம். சங்கத்தின் பெயரில் விருதுநகர் நுகர்வோர் ஆணையத்தில் மனுவும் போட்டோம்.

மனு போட்ட அதே வாரம், மார்கழிக் குளிரில், அண்ணாச்சியின் டெம்போ காலண்டர் கட்டுகளோடு வந்து நின்றது. சுருளைப் பிரித்தால் எங்கள் கட்டடம். அடியில் அந்த நன்றி. பக்கத்து வீட்டு அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு கையில கேசு போட்டு இன்னொரு கையில கும்பிடு போடுதீகளா?"

"ஆடியில எடுத்த ஆர்டரு யக்கா. பிளேட்டு போட்டாச்சு, ஷீட்டு ஓடியாச்சு. சண்டை வந்துட்டுன்னு ஓடின ஷீட்டக் கிழிச்சாப் போட முடியும்? சண்டை சண்டை, ஆர்டர் ஆர்டர். பேசாம மாட்டுங்க."

"அவுகளுக்கும் குடுத்தீகளா?"

"பின்னே? அவுகளுக்குன்னு ஒரு கட்டு சொன்னது சொன்னதுதான. குடுத்தாச்சு."

ஆகவே எங்கள் எல்லோர் வீட்டுச் சுவரிலும், யார்மேல் வழக்குப் போட்டிருந்தோமோ அவர்களுக்கு நன்றி தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் காபி குடித்தேன். அப்போது அது வேடிக்கையாக மட்டுமே இருந்தது.

மாசியில் ஒரு காலை, சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மற்ற மாடிகளை முடித்துவிட்டு, எங்கள் மாடியின் பச்சைக் கதவைச் சாத்தி மேனேஜர் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பின்படியைப் பெருக்குவது, விளக்குப் போடுவது, காவல் வைப்பது எல்லாம் புதுக் கட்டணத்தில் அடங்கிய கூடுதல் சேவையாம். கட்டணம் கட்டாததால் சேவை நிறுத்தமாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கட்டடத்தில் காற்று நின்றது. வாசல் கோலங்கள் நாள் முழுக்கக் கலையாமல் கிடந்தன. ஒரு கோலம் கலையாமல் கிடப்பது இவ்வளவு துக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடந்து நடந்து அந்தக் கதவுவரை போவேன். திரும்புவேன். பாதியில் நிறுத்திய வரியைப்போல இருக்கும்.

எனக்கு அது துக்கம்தான். அக்காவுக்கு அது அப்படியல்ல.

அன்று மதியமே அவர் தன் வாசல் கதவை விரியத் திறந்து, நிலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாதி உடம்பு வீட்டில், பாதி நடைவழியில். வெங்காயம் உரிப்பது அங்கே, மகளோடு போன் பேசுவது அங்கே, தலையைத் திருப்பி உள்ளே ஓடும் டிவி பார்ப்பது அங்கே. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கண்ணுக்கடியில் கருமை இறங்கத் தொடங்கியது.

"உள்ள போயிப் படுங்கக்கா."

"கண்ண மூடுனா நெஞ்ச அடைக்குதுத்தா. ஒரு வழி அடச்சா இன்னொரு வழி. எதிரும் புதிருமா வாசல் இல்லாத ரூம்ல நான் உக்காந்ததே இல்ல. வாசல்ல ஒரு காலிப் பெட்டிய வச்சிட்டாக்கூட போர்மேன் என்ன சத்தம் போடுவாரு தெரியுமா? அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேரு பொழச்சுக் கெடக்கோம்."

"இங்கதான் மருந்து இல்லையேக்கா."

"மருந்து இல்லன்னு மண்டைக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலயே."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். நடைவழியின் பக்கவாட்டுச் சன்னலில் வானம் கொஞ்சம் தெரியும். பொழுது மங்கும் நேரத்தில் நாரணாபுரம் பக்கத்துக் கம்பெனிகளில் புது அயிட்டங்களைச் சாம்பிள் போட்டுப் பார்ப்பார்கள். முதலில் வெளிச்சம் மட்டும் வரும். சத்தமில்லாமல் ஒரு பூ, ஊதாவும் வெள்ளியுமாக, காட்டுக்கு மேலே விரிந்து உதிரும். அது உதிர்ந்து, வானம் அதை மறந்தும்விட்ட பிறகு, மெல்ல வந்து சேரும் சத்தம். அக்கா பூவைப் பார்த்த உடனேயே "இது பச்சையில கொஞ்சம் சொணங்குது", "இது நல்ல உருப்படி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அலைகிற எனக்கு அந்த வாசல் ஒரு நிறுத்தமாயிற்று. தூங்காத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தூக்கம் வரவேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே, அந்த மாலைகள் தீரக்கூடாது என்றும் ஆசைப்பட்டேன்.

பங்குனியில் அவர் இறங்கிப்போய் அண்ணாச்சியின் வீட்டு வாசலில் நின்றார். கூட நானும் போனேன்.

"கூட்டுன காச நான் ஒருத்தி கட்டிருதேன் அண்ணாச்சி. எங்க மாடிக்கதவையும் கீழ்க்கதவையும் மட்டும் தொறக்கச் சொல்லுங்க. மககிட்டயும் கேட்டுட்டேன்."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"யக்கா, நீங்க கட்டினீகன்னா கேசு கவுந்துரும். 'பாருங்க, சங்கத்துலயே ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு, இது நியாயமான தொகை'ன்னு அவுக வக்கீல் எந்திரிப்பாரு. எல்லார் தலையிலயும் விடியும்."

"அப்ப ஒங்க கேசு நிக்கணும்னா நான் வாசல்ல உக்காரணும். அப்படித்தான?"

அண்ணாச்சி தன் அச்சு மை ஏறிய நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி. வரப்போற வாய்தா வரைக்கும் பொறுக்கேன். தொறக்கலன்னா நாரணாபுரத்துல ஒரு ரூமு பாத்து வச்சிருக்கேன். வாடகைதான், ஓட்டு ரூமுதான். ஆனா ரெண்டு வாசலு."

மகள் மாதாமாதம் கடன் கட்டுகிற சொந்த வீட்டை விட்டுவிட்டு, ஓட்டு அறைக்கு வாடகை கொடுக்கப் போகிறேன் என்றார். மேலே வந்தபோது பார்த்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போர்வை மூட்டை, முடிச்சுப் போட்டு, தயாராக இருந்தது.

வாய்தா அன்று அண்ணாச்சியின் காரில் மூவரும் விருதுநகருக்குப் போனோம். சித்திரை வெயிலில் சாலை உருகி, தூரத்தில் தண்ணீர் கிடப்பதாகப் பொய் சொல்லிக்கொண்டே வந்தது. ஆணையத்தின் இரும்புக் கதவருகே அக்கா நின்று உள்ளங்கையை வைத்தார். பிறகு உள்ளே வந்தார்.

எங்கள் வக்கீல் பின்படியை உடனே திறக்க இடைக்கால உத்தரவு கேட்டார். நிறுவனத்தின் வக்கீல் எழுந்தார். இந்த அளவு உயரமே உள்ள கட்டடத்துக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டாயமே இல்லை என்றார். அது ஆதியிலிருந்தே மூடிக்கிடந்த வழி, இப்போதுதான் கூடுதல் சேவையாகத் திறந்துவிட முன்வந்தோம் என்றார். பிறகு, பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். அதன் தகரப் பட்டியைப் பார்த்ததுமே அது எங்கள் காலண்டர் என்று தெரிந்துவிட்டது.

"பராமரிப்பில் குறை என்கிறார்கள். ஆனால் இது மனுதாரர்களே அச்சடித்து எங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்த காலண்டர். இதையும் தாக்கல் செய்கிறேன்." விரித்து, குரலை உயர்த்தி வாசித்தார். "'எங்கள் இல்லங்களைக் கண்போல் காக்கும் பராமரிப்பு நிறுவனத்தாருக்கு நன்றியுடன்.'"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா என் காதருகே குனிந்தார்.

"சண்டை சண்டை, ஆர்டர் ஆர்டர்னாரு. இப்ப ஆர்டரு கோர்ட்டேறிருச்சு."

எங்கள் வக்கீல் சமாளிக்கப் பார்த்தார். "காலண்டர் என்றால் கொஞ்சம் அலங்காரமாகத்தான் இருக்கும். இல்லாத நீலத்தை வானத்துக்குப் பூசுவார்கள், வெளுத்த சுவரைப் பளபளப்பாக்குவார்கள். அந்தப் படத்தை வைத்துக் கட்டடம் நன்றாக இருந்தது என்று சொல்லமுடியாது."

அண்ணாச்சி ஆணையத் தலைவரைப் பார்த்து எழுந்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நிற்கவில்லை.

"அம்மா, மன்னிக்கணும். அந்தப் படத்துல டச்சப்பே கெடையாது. எங்க பிரஸ்ல அந்த வேலையே கெடையாது. எடுத்தது எடுத்தபடி அடிச்சது."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார். அந்த நொடியில் அவர் மனதுக்குள் அந்த மூட்டையைத் தூக்கிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

ஆணையத் தலைவர் ஒரு பெண்மணி. காலண்டரைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாதத் தாள்களை மேசையோரம் தள்ளிவிட்டு, படத்தை மட்டும் பார்த்தார். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள்கள் படபடத்தன. வைகாசி, ஆனி, ஆடி என்று வராத மாதங்கள் தாமாகப் புரண்டன.

"எடுத்தபடியே அடித்ததா?"

"ஒரு புள்ளி மாத்தலம்மா."

"படம் எடுத்தது கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்பா, பின்பா?"

"ஆடியிலம்மா. கட்டணம் கூட்டுனது தீபாவளி கழிச்சு."

"கீழே பச்சையாக ஒன்று தெரிகிறதே?"

"பின்படிக் கதவும்மா."

"திறந்திருக்கிறது." அவர் விரலைப் படத்தின்மேல் மெல்ல ஏற்றினார், மாடி மாடியாக. "விளக்கும் எரிகிறது. எல்லா மாடியிலும்." பிறகு நிறுவனத்தின் வக்கீலைப் பார்த்தார். "இதை நீங்கள்தானே தாக்கல் செய்தீர்கள்?"

அவர் தன் தாள்களைப் புரட்டினார். அந்தத் தாள்களில் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கட்டணம் நியாயமா இல்லையா என்பது விசாரித்துத்தான் முடிவாகும், அதுவரை பழைய தொகையைக் கட்டி வரவேண்டும், பின்படி முன்பிருந்தபடி திறந்து விளக்குப் போட்டிருக்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. அந்தக் கட்டண வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாய்தா வரும், போகும். இதை எழுதும்போதும் அடுத்த வாய்தாவுக்கு அண்ணாச்சி சட்டை தேய்த்துக்கொண்டிருப்பார்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி ஓயவில்லை. "அந்தம்மா விரல் வச்ச எடத்தப் பாத்தீகளா? அம்புட்டுச் சின்னக் கதவு. அந்தப் பச்ச எப்படி விழுந்திருக்கு! வேற பிரஸ்னா அது கருப்பாப் போயிருக்கும்."

"கதவு தொறந்ததுக்குச் சந்தோசப்படல, கலருக்குச் சந்தோசப்படுதாக" என்றார் அக்கா. பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பு என்றுதான் நினைத்தேன். சிரிப்பு மட்டுமல்ல.

மறுநாள் மேனேஜரே வந்து பூட்டைத் திறந்தார். சங்கிலியை உருவிச் சுருட்டிக்கொண்டு, "எனக்கும் இதுதாங்க நல்லது. நீங்க வாசல்ல உக்காந்திருக்கறதப் பாத்துட்டுப் போனா எனக்குச் சோறு எறங்கலீங்க" என்றார் அக்காவிடம். அக்கா அவரைத் தாண்டிப் பச்சைக் கதவருகே போனார், உள்ளங்கையை வைத்தார், பின்படியில் இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் கீழே கீழே போய்க் கரைந்தது. கொஞ்ச நேரம் கழித்து முன்படி வழியாக மூச்சு வாங்க ஏறிவந்தார். வழி சரியாக இருக்கிறது என்பதுபோல எனக்குத் தலையை அசைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அவருக்குப் பின்னாலேயே காற்றும் வந்தது. எத்தனையோ நாள் வெளியில் காத்திருந்ததுபோல, அவசரமாக, என் கோலத்தை மிதித்துக்கொண்டு போயிற்று.

அன்று மாலை, பழக்கத்தில், டம்ளரில் காபியோடு நடைவழிக்கு வந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. அவர் வாசல் சாத்தியிருந்தது. மாசிக்குப் பிறகு அந்தக் கதவின் வெளிப்பக்கத்தை அன்றுதான் பார்த்தேன். மகள் ஒட்டிய மாவிலைத் தோரணம், பிளாஸ்டிக், வெளுத்துப்போய் அங்கேயே இருந்தது. தட்டக் கையை உயர்த்தினேன். உள்ளே டிவி ஓடவில்லை. போன் பேச்சு இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டால், மெல்ல, சீராக, ஒரு குறட்டை.

நடைவழிக் கோடியில் பச்சைக் கதவு திறந்திருந்தது. அதற்கப்பால் காட்டுக்கு மேலே ஒரு பூ விரிந்தது. செம்பொன் நிறம், ஓரத்தில் பச்சை. சொணங்குகிறதா, நல்ல உருப்படியா, சொல்ல ஆளில்லை. அது உதிர்ந்த பிறகு சத்தம் வந்தது. குறட்டை அந்தச் சத்தத்துக்குக் கலையவில்லை.

தட்டவில்லை. உயர்த்திய கையை அவர் வாசலோரச் சன்னலின் இரும்புக் கம்பிமேல் ஒரு கணம் வைத்துவிட்டு, ஆறிப்போன காபியோடு என் வீட்டுக்குள் வந்தேன்.